உப்புத் தண்ணீரில் ஒரு விரல் சென்சார்

புராஜெக்ட் காலம் வந்துவிட்டால் என் மேசைக்கு வரும் பட்டியல்களில் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான். "மேடம், வளையுற சென்சார் பண்றோம். கிராபீன் வேணும்." அது கிடைக்காவிட்டால் கார்பன் நானோகுழாய், அதுவும் முடியாவிட்டால் வெள்ளி நானோகம்பி. ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் அவ்வளவு பணம் கிடையாது. பணம் இருந்தாலும் முதல் சென்சாருக்கு இதையெல்லாம் வாங்கித் தர மாட்டேன். விரல் எவ்வளவு மடங்குகிறது என்று தெரிந்துகொள்ள உப்புத் தண்ணீர் ஊறிய ஒரு ஜெல் பட்டை போதும். விரல் மடங்கும்போது பட்டை இழுபடும், அதன் மின்தடை ஏறும், அதை அளந்தால் சரி. அதைச் செய்யும் முறைதான் இது.

பாலிவினைல் ஆல்கஹால், டிஸ்டில்டு வாட்டர், உப்பு, கிளிசரின், ஒரு ஹாட் பிளேட், ஃபிரீசர் உள்ள ஃபிரிட்ஜ், நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்னணுப் பலகையான ஓர் அர்டுயினோ. முக்கியமான சாமான் இவ்வளவுதான். ஃபிரிட்ஜ் மட்டும் சாப்பாடு வைக்காததாக இருக்கட்டும்.

மென்மையான பொருள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சிலிக்கானின் விறைப்பு 100 கிகாபாஸ்கலுக்கு மேல். மூளைத் திசுவினுடையது ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். இடைவெளி 10 கோடி மடங்கு. விறைப்பான கம்பியை நெகிழும் திசுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து அசையாது, உரசும். பெரும்பகுதி தண்ணீராக உள்ள ஜெல் சேர்ந்தே அசையும். இதை முதலில் உடம்புக்கென்று யோசித்தவர்களில் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே முக்கியமானவர். அவரும் திரகோஸ்லாவ் லீமும் 1960-இல் 'நேச்சர்' இதழில் நீர் ஊறிய ஜெல்களைப் பற்றி எழுதினார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே பிராகில் தன் வீட்டிலேயே, மெர்குர் என்ற பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுத் துண்டுகளையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழலும் கருவி செய்து, அதில் மென்மையான கான்டாக்ட் லென்ஸ்களை வார்த்தார். கருவி இல்லை என்று வருகிற பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்தே போயிருக்கும்.

வாங்கும்போது

பாலிவினைல் ஆல்கஹாலை இனி பிவிஏ என்றே எழுதுகிறேன். கடையில் 'பிவிஏ பசை' என்று கேட்டால் மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தருவார்கள். அது பாலிவினைல் அசிடேட், நமக்கு உதவாது. நமக்கு வேண்டியது வெள்ளைப் பொடியாகவோ குருணையாகவோ வரும். எங்கள் ஊர்ப் பக்கம் சைசிங் மில்களில் பாவுக்குக் கஞ்சி போட இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் பெயர் பலருக்குத் தெரிந்ததுதான்.

டப்பாவில் மூலக்கூறு எடை பெரிதாக அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்காதீர்கள். 'ஹைட்ராலிசிஸ்' சதவீதம் எவ்வளவு என்று முதலில் தேடுங்கள். 98 அல்லது 99 இருக்க வேண்டும். 87, 88 என்று இருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். பிவிஏ-வைத் தயாரிப்பதே பாலிவினைல் அசிடேட்டிலிருந்துதான். 88 சதவீத ரகத்தில் மீதி 12 சதவீதம் அசிடேட் கிளைகள் சங்கிலியில் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். சங்கிலிகள் நெருங்கி அடுக்காக உட்கார்ந்து சிறு படிகங்கள் ஆனால்தான் நம் ஜெல் நிற்கும். அந்தக் கிளைகள் நெருங்கவிடாது. எத்தனை நாள் உறைய வைத்தாலும் கொழகொழவென்றே இருக்கும். விற்பவரிடம் கேட்பதானால், வெந்நீரில் மட்டும் கரையும் ரகம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஆறின தண்ணீரிலேயே சட்டென்று கரைவது மற்றது. மூலக்கூறு எடை ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அதைவிட மிகக் குறைந்தால் பட்டை எளிதில் கிழியும்.

கரைப்பது

10 கிராம் பிவிஏ, 90 கிராம் டிஸ்டில்டு வாட்டர். பீக்கரைக் காலியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். பச்சைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நேராக வெந்நீரில் கொட்டினால் ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் உப்பி வழவழப்பான உறையாகிவிடும், உள்ளே பொடி காய்ந்தபடியே கிடக்கும். அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் அது உடையாது.

ஊறியதும் அலுமினியம் ஃபாயிலால் மூடி, 90 முதல் 95 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிக்கவிட வேண்டாம். மெதுவாகக் கலக்கினால் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் தெளிந்த, தேன் பதமான கரைசல் கிடைக்கும். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் கையுறை கட்டாயம். இப்போது பீக்கரை மறுபடி எடை போட்டு, ஆவியாகப் போன தண்ணீரை அதே அளவு சுடுதண்ணீராகச் சேர்த்துக் கலக்குங்கள். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் ஜெல் வேறு வேறு விறைப்பில் வரும், காரணம் பிடிபடாது. பிறகு 60 டிகிரியில் கலக்காமல் வைத்தால் குமிழிகள் தாமாக மேலே வந்துவிடும். மேலே படியும் மெல்லிய தோலை ஒதுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

அச்சுக்கு இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே 2 மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் சட்டம், ஓரத்தில் கிளிப். தட்டையான பிளாஸ்டிக் டப்பாவும் போதும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

உறையவைப்பதும் உருகவைப்பதும்

வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. இதில் சேர்க்கும் வேதிப்பொருள் ஒன்றும் இல்லை. குளுட்டரால்டிஹைடு போன்றவற்றைப் போட்டும் பிவிஏ சங்கிலிகளைக் கட்டலாம். ஆனால் அது நச்சு, மிச்சம் இல்லாமல் கழுவுவது பெரும்பாடு. உறைநிலை முறையில் பனிக்கட்டி வளரும்போது பிவிஏ சங்கிலிகள் ஓரமாகத் தள்ளப்பட்டு, எஞ்சிய இடுக்குகளில் நெருக்கியடித்து நிற்கும். அங்கே ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுச் சிறு படிகங்கள் உருவாகும். உருகிய பிறகும் அந்தப் படிகங்கள் முடிச்சுகளாக நின்று வலையைத் தாங்கும். மருத்துவப் பொருள் செய்பவர்களுக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

எல்லாரும் எத்தனை மணி நேரம் உறையவைக்க வேண்டும் என்று கேட்பார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை, இரவு முழுக்க மைனஸ் 18 அல்லது 20-இல் இருந்தால் சரி. உருகும் வேகம்தான் முக்கியம். படிகங்கள் நன்றாகச் சேர்வது 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே மெதுவாக ஏறிவரும் நேரத்தில். வெளிநாட்டுக் கட்டுரைகளில் 'அறை வெப்பத்தில் உருகவிடவும்' என்று எழுதியிருப்பது 20 டிகிரி அறையை மனதில் வைத்து. நம் சித்திரை மாதத்து 38 டிகிரியில் மேசையில் வைத்தால் காபி குடித்துவிட்டு வருவதற்குள் உருகிவிடும், ஜெல்லும் சப்பென்று இருக்கும். அச்சைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். பகல் முழுக்க எடுத்துக்கொள்ளட்டும். மாலையில் மேலே, காலையில் கீழே என்றால் நாளுக்கு ஒரு சுற்று, கல்லூரி நேரத்துக்கும் பொருந்தும்.

முதல் சுற்று முடிந்து திறந்தால் நுங்கு மாதிரி ஆடும். கண்ணாடியாகத் தெளிந்திருக்கும், நகம் பட்டால் கிழியும். இரண்டாவதில் லேசாகப் பால் நிறம் தட்டும். உள்ளே துளைகளும் படிகங்களும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது, கெட்டுப்போனதல்ல. ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்கும், துடைத்துவிடலாம். மூன்றாவது முடிந்தால் இடுக்கியில் தூக்கலாம், மடித்துவிட்டால் சட்டென்று நிமிரும், இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தாலும் தாங்கும். ஐந்து சுற்று வரை போகலாம். அதற்கு மேல் கிடைக்கும் லாபம் சொற்பம்.

இதில் கட்டி வைத்திருப்பது படிகங்கள் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். 60, 70 டிகிரிக்கு மேல் போனால் ஜெல் தளர்ந்து கரையத் தொடங்கும்.

உப்பு எப்போது

முதலிலேயே கரைசலில் உப்பைப் போட்டுவிட்டால் ஒரு வேலை மிச்சம் என்று தோன்றும். உப்புத் தண்ணீர் வீட்டு ஃபிரீசரில் முழுசாக உறையாது. உறையாத உப்புநீர் மைனஸ் 21 வரை திரவமாகவே தங்கும். பனி சரியாக வளராவிட்டால் மேலே சொன்ன நெருக்கடி எதுவும் நடக்காது. எனவே ஜெல் ஆன பிறகே உப்பு.

70 கிராம் தண்ணீர், 30 கிராம் கிளிசரின், 6 கிராம் உப்பு. பட்டைகளை 60 மில்லிமீட்டர் நீளம், 10 அகலத்தில் வெட்டி, அவை தாராளமாக மூழ்கும்படி இந்தக் கரைசலில் ஓரிரவு ஊறவிடுங்கள். கொஞ்சம் சுருங்கி இறுகும், பரவாயில்லை. ஆய்வக உப்பு இல்லையென்றால் சமையல் உப்பு போதும். கிளிசரின் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அது இல்லாத பட்டை எங்கள் ஊர் வெயிலில் ஒரே நாளில் காய்ந்து விறைத்த தகடாகிவிடும். கிளிசரின் கூடினால் அயனிகள் நகர்வது மந்தமாகி மின்தடை ஏறும், அதனால் 30-க்கு மேல் நான் போவதில்லை. லித்தியம் குளோரைடு போட்டால் இன்னும் நன்றாக ஈரம் நிற்கும், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதைத்தான் பார்ப்பீர்கள். தோலில் ஒட்டும் பொருளுக்கு மாணவர்களிடம் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சிலிக்கோன் பூசினால் காயாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிலிக்கோன் ரப்பர் தண்ணீரைச் சொட்டவிடாதே தவிர நீராவியை நன்றாகவே போகவிடும்.

மின்முனை

செம்புக் கம்பியை ஜெல்லில் குத்தினால் பச்சை பூக்கும். உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரைந்து வராமல் என்ன செய்யும்? ஈசிஜி எடுக்கும்போது ஒட்டும், பட்டன் வைத்த ஒட்டிகளை மருந்துக்கடையில் வாங்குங்கள். அவற்றில் இருப்பது வெள்ளியும் வெள்ளி குளோரைடும். உப்புநீரோடு சண்டை போடாத ஜோடி அது. இல்லையென்றால் நகைப் பட்டறையில் செம்பு கலக்காத மெல்லிய வெள்ளிக் கம்பி வாங்கி, துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் பிளீச்சில் அரை மணி போட்டு வையுங்கள். கருஞ்சாம்பல் நிறம் வந்தால் குளோரைடு படிந்துவிட்டது என்று பொருள். கழுவிவிட்டு, பட்டையின் இரு முனைகளிலும் கம்பியைச் சுருட்டி வைத்து, மேலே ஒரு துண்டு டேப்பால் இறுக்கிவிடுங்கள்.

அளப்பது

மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், ஒருமுறை பார்ப்பது நல்லதுதான். எண் நிற்கவே நிற்காது, ஏறிக்கொண்டே போகும். சென்சார் கெட்டுப்போச்சு என்று பட்டையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. கம்பியில் ஓடுவது எலக்ட்ரான், ஜெல்லில் ஓடுவது சோடியமும் குளோரைடும். மல்டிமீட்டர் ஒரே திசையில் மின்சாரத்தைத் தள்ளும்போது அயனிகள் மின்முனையில் போய்க் குவிந்து அடுக்காகி, அடுத்து வருபவற்றைத் தடுக்கும். நீங்கள் அளப்பது ஜெல்லை அல்ல, அந்தக் குவியலை. 1.23 வோல்ட்டுக்கு மேல் அங்கே சேர்ந்தால் தண்ணீரே பிரியத் தொடங்கலாம்.

எனவே திசையை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். அர்டுயினோவின் 8-ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை, அதன் மறுமுனையை மின்னழுத்தம் அளக்கும் ஏ0 பின்னுக்கும் ஜெல்லின் ஒரு முனைக்கும், ஜெல்லின் மறுமுனையை 9-ஆம் பின்னுக்கும் இணையுங்கள். நிரலில் 8-ஐ உயர்த்தி 9-ஐத் தாழ்த்தி, ஏ0-வைப் படியுங்கள். கிடைக்கும் எண்ணை முதல் எண் என்போம். உடனே 8-ஐத் தாழ்த்தி 9-ஐ உயர்த்தி மறுபடி படியுங்கள், அது இரண்டாம் எண். ஒவ்வொரு பாதியும் சுமார் 200 மைக்ரோவினாடி, இரண்டும் ஒரே அளவு. முடிந்ததும் இரு பின்களையும் தாழ்த்தி ஓய்வு கொடுங்கள்.

200 மைக்ரோவினாடி போதுமா என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்த அளவுப் பட்டையின் மின்தடை சில நூறிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை வரும். 1,500 என்று வைத்தால் மொத்தம் 2,500 ஓம், 5 வோல்ட்டுக்கு 2 மில்லிஆம்பியர். அது 200 மைக்ரோவினாடி ஓடினால் சேரும் மின்னூட்டம் 0.4 மைக்ரோகூலும். மின்முனைப் பரப்பில் உண்டாகும் அயனி அடுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் அளவில் தேக்கும். நம் பட்டையின் குறுக்குவெட்டு 0.2 சதுர சென்டிமீட்டர், அதாவது 2 மைக்ரோஃபாரட். ஆக அங்கே ஏறும் மின்னழுத்தம் 0.2 வோல்ட்தான். 1.23-க்கு வெகு கீழே.

இரண்டு எண்களையும் கூட்டினால், ஏ0 காட்டக்கூடிய உச்ச எண்ணான 1023-ஐ ஒட்டி வர வேண்டும். விலகிப் போனால் மின்முனைகளுக்கு நடுவே நிலையாக ஒரு மின்னழுத்தம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்தால் அது தானாக அடிபட்டுப் போகும். அந்த வித்தியாசத்தை 1023-உடன் கூட்டி, அதே வித்தியாசத்தை 1023-இலிருந்து கழித்ததால் வகுத்து, 1,000-ஆல் பெருக்குங்கள். ஜெல்லின் மின்தடை ஓமில் கிடைக்கும். 20 அளவீடுகளைச் சராசரி எடுத்தால் எண் அசையாமல் நிற்கும்.

விரலில் ஒட்டுமுன் ஸ்கேலில் வைத்துச் சோதியுங்கள். புதுப் பட்டையை முதலில் பலமுறை இழுத்துவிட்டுப் பழக்க வேண்டும், ஆரம்ப இழுப்புகளில் அது கொஞ்சம் தளரும். அப்புறம் 50 மில்லிமீட்டரை 60 ஆக்குங்கள். நீளம் 1.2 மடங்கு. ஜெல்லின் கன அளவு மாறாததால் குறுக்குவெட்டு அதே 1.2-ஆல் வகுத்த அளவுக்குக் குறையும். நீளம் கூடியதற்கு ஒரு 1.2, மெலிந்ததற்கு ஒரு 1.2, ஆக மின்தடை 1.44 மடங்காக வேண்டும். 75 வரை இழுத்தால் 2.25. இந்தக் கணக்கில் பொருளின் மர்மம் எதுவும் இல்லை, வெறும் வடிவியல். நான் கிராபீன் பட்டியலைத் திருப்பி அனுப்புவதும் இதனால்தான். ரப்பரில் கார்பன் துகள் கலந்து செய்தால் இழுக்கும்போது துகள்களின் தொடுகை உடைவதும் சேர்வதுமாக இருக்கும், போன வழியே திரும்பி வராது. அந்தச் சிக்கலைப் படிப்பது நல்ல ஆராய்ச்சி. முதல் சென்சாருக்கு அது வேண்டாம். உங்கள் எண் 1.44-க்குக் குறைவாக வந்தால் ஜெல்லைச் சந்தேகப்படாமல் முனைகளைப் பாருங்கள், டேப்புக்கு அடியில் வழுக்கிக்கொண்டிருக்கும்.

விரலில் கட்டும்போது தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவே கிளிங் ஃபிலிம் ஒரு சுற்று, மேலே மைக்ரோபோர் டேப். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். உடம்பில் ஒட்டிய எதுவும் சுவர் மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கக் கூடாது, இதில் விதிவிலக்கே கிடையாது.

வெப்பம் உங்களைக் குழப்பும். உப்புநீரின் கடத்துதிறன் டிகிரிக்கு 2 சதவீதம் போல ஏறும். ஏசி அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்து 10 டிகிரி கூடினால் மின்தடை 17 சதவீதம் போல இறங்கும். அதே விரலின் பக்கவாட்டில், இழுபடாத இடத்தில் இன்னொரு பட்டையை ஒட்டி, இரண்டின் விகிதத்தைப் பாருங்கள்.

மருத்துவம் என்று எழுதுமுன்

புராஜெக்ட் அறிக்கையில் 'உயிர் இணக்கமானது' என்று ஒரு வரி எழுத எல்லாருக்கும் ஆசை. பிவிஏ கண் சொட்டுமருந்தில் இருக்கிறது, உண்மை. ஆனால் உங்கள் டப்பாவில் வந்தது மருந்துத் தரம் அல்ல, செய்த இடமும் சுத்த அறை அல்ல. 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கலாம் என்றால் ஜெல்லே கரைந்துவிடும். காயத்திலோ கண்ணிலோ வைக்காதீர்கள். நல்ல பிவிஏ ஜெல்லுக்கே உடம்புக்குள் தங்குவது எளிதாக இல்லை. கால் பெருவிரல் மூட்டுக்குள் பொருத்தும் பிவிஏ ஹைட்ரோஜெல் உள்வைப்பு ஒன்றுக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சிக்கல்கள் வந்ததால் 2024-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இதற்கு மேல் போக விரும்புபவர்கள் படிக்க நிறைய இருக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் குழு 2003-இல் இரண்டு வலைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி ஜெல்லை உறுதியாக்கியது. ஹார்வர்டில் சிகாங் சுவோ குழு 2012-இல் ஆல்ஜினேட்டும் பாலிஅக்ரிலமைடும் சேர்ந்த, 20 மடங்கு நீளும் ஜெல்லைக் காட்டியது. அடுத்த வருடமே உப்பு ஜெல்லை மின்முனையாக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒலிபெருக்கி ஒன்றை ஹார்வர்டில் இயக்கினார்கள். அக்ரிலமைடு நரம்புக்கு நச்சு என்பதால் அந்தச் செய்முறைகளை இளங்கலை ஆய்வகத்தில் நான் அனுமதிப்பதில்லை. 2021-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இதே பிவிஏ-வை ஒரே திசையில் உறையவைத்து, அடர்ந்த உப்புக் கரைசலில் இறுக்கி, மிக வலுவான ஜெல் ஆக்கியது. நம் ஃபிரிட்ஜுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். சோடியம் சிட்ரேட் அடர்கரைசலில் ஒரு பட்டையை ஊறவைத்து, சாதாரணப் பட்டையோடு இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

முடிந்த பட்டைகளை அதே கிளிசரின் உப்புநீரில், மூடிய டப்பாவில், ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் அடுத்த வாரமும் உதவும். பூஞ்சை தெரிந்தால் எறிந்துவிடுங்கள். உப்பில் ஊறாத வெட்டுத் துண்டுகளை மட்டும் தனியாகச் சேர்த்துவையுங்கள். 95 டிகிரியில் அவை மறுபடி கரையும், எடை பார்த்துத் தண்ணீரைச் சரிசெய்தால் இன்னொரு அச்சுக்கு ஆகும்.